கேள்விக்குச் செவி கொடுத்த பேராசிரியர் யஷ்பால்

2010-ஆம் ஆண்டு ஜனவரி 15-ஆம் தேதி, பொங்கலுக்கு மறுநாள், பாறசாலைக்கும் களியக்காவிளைக்கும் நடுவே இஞ்சிவிளையில் எங்கள் வாடகை வீட்டுக் கதவு பட்டப்பகலில் தாழிடப்பட்டிருந்தது. எனக்கு அப்போது ஏழு வயது. அப்பா பாத்திர வியாபாரத்துக்காக நெல்லைச் சீமையிலிருந்து இங்கே வந்து குடியேறியவர். ஊர் மாறினாலும் ஆச்சியின் சட்டதிட்டங்கள் மாறவில்லை. கிரகணம் பிடிக்கும் வேளையில் உலை வைக்கலாகாது. தண்ணீர்க் குடத்தில் தர்ப்பை கிடக்க வேண்டும். பிள்ளைகள் முற்றத்தில் தலை காட்டக் கூடாது. அண்டை வீட்டு மலையாளிகளும் அன்று கதவடைத்துத்தான் இருந்தார்கள். எல்லைக்கு இருபுறமும் இந்த ஒரு விஷயத்தில் நல்ல ஒற்றுமை!

மணி ஒன்று கடந்திருக்கும். வெளிச்சம் மங்கியது. எங்கள் ஓட்டுக் கூரையில் ஓர் ஓடு உடைந்து சிறு துளை இருந்தது. நாள்தோறும் அதன் வழியே சிமிட்டித் தரையில் வட்டமாக ஓர் ஒளிக்காசு விழும். அன்று அந்தக் காசின் நடுவே கறுப்பு. வட்டம் வளையமாகிவிட்டது! காப்புப் போல் ஓர் ஒளி வளையம் தரையில் கிடந்தது. நான் கையை நீட்டினேன். வளையம் என் உள்ளங்கையில் ஏறியது. ஆச்சி பதறி என்னை இழுத்துக்கொண்டு, அந்த இடத்தில் ஒரு சாக்கை விரித்து மூடிவிட்டாள். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்ததும், ஓட்டைச் சதுரமாகவோ கோணலாகவோ இருக்கும்போது தரையில் வளையம் ஏன் விழுந்தது என்று கேட்டேன். அது பாடத்தில் இல்லை என்று உட்காரச் சொல்லிவிட்டார்கள்.

விடை எளிது. சிறு துளை எதுவானாலும் அது ஒரு காமிரா. துளையின் வடிவம் எப்படியிருந்தாலும் தரையில் விழுவது சூரியனின் உருவம். அன்று நிலவு பூமியை விட்டு வெகு தொலைவில் இருந்தது; பூமியோ, ஆண்டுத் தொடக்கத்தில் எப்போதும் போல, சூரியனுக்கு மிக அருகில் இருந்தது. எனவே சிறுத்துத் தோன்றிய நிலவு பெருத்துத் தோன்றிய சூரியனை முழுதும் மறைக்க இயலாமல் விளிம்பை விட்டுவிட்டது. இனி 3043-ஆம் ஆண்டு வரை அவ்வளவு நீண்ட வளையக் கிரகணம் உலகில் எங்கும் இல்லை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். அத்தகைய காட்சி திருவனந்தபுரத்துக்கும் குமரி முனைக்கும் மேலாகப் போயிற்று. நாங்கள் சாக்கை விரித்து மூடினோம்!

இதை நான் கல்லூரிக்கு வந்த பிறகே அறிந்தேன். அறிந்த நாளிலேயே இன்னொன்றும் தெரிய வந்தது. எங்கள் வீட்டுக் கதவு மூடப்படுவதற்குப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே இந்தியா முழுவதற்கும் கதவைத் திறந்துவிட முயன்ற மனிதர் ஒருவர் இருந்தார். அவர்தாம் பேராசிரியர் யஷ்பால்.

1980-ஆம் ஆண்டு பிப்ரவரி 16-ஆம் தேதி கர்நாடகம், ஆந்திரம், ஒரிசா வழியாக ஒரு முழுச் சூரிய கிரகணம் சென்றது. அன்று தூரதர்ஷன் என்ன செய்தது தெரியுமா? மக்கள் வெளியே வந்து கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதிருக்க ஒரு இந்தித் திரைப்படத்தைப் போட்டது. நகரங்களில் தெருக்கள் வெறிச்சோடின. அடுத்த முழுக் கிரகணம் 1995 அக்டோபர் 24-இல், வடநாட்டுத் தீபாவளிக்கு மறுநாள், ராஜஸ்தானத்திலிருந்து வங்காளம் வரை சென்றது. இம்முறை அதே தூரதர்ஷன் கிரகணத்தையே நேரடியாகக் காட்டியது. திரையில் நரைத்த தலையோடு அமர்ந்து, நடப்பது இன்னதென்று விளக்கியவர் யஷ்பால். வடிகட்டிக் கண்ணாடி இல்லாமல் நேரே பார்க்கக் கூடாது. ஆனால் பார்க்காமலும் இருக்கக் கூடாது என்பதே அவர் கட்சி. பல இடங்களில் ஒரு நிமிடம்கூட நீடிக்காத அந்த இருளுக்காக மக்கள் மொட்டை மாடிகளுக்கு ஏறினார்கள். ஒரு தேசத்தின் பழக்கம் ஒரே நாளில் மாறிவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். மாறவில்லை என்பதற்கு எங்கள் வீட்டுச் சாக்கே சாட்சி. ஆயினும் ஆச்சிகளோடு சண்டையிடாமல், அவர்களைப் பரிகசிக்காமல், வாருங்கள் பார்க்கலாம் என்று அழைத்த ஒரு குரல் அன்று எழுந்தது.

அந்தக் குரல் எங்கிருந்து வந்தது?

யஷ்பால் 1926-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் தேதி ஜங் என்னும் ஊரில் பிறந்தார். இன்று அது பாகிஸ்தானத்துப் பஞ்சாபில் இருக்கிறது. வளர்ந்தது இன்றைய ஹரியானாவிலுள்ள கைத்தலில். பஞ்சாப் பல்கலைக்கழகத்தில் அவர் பௌதிகம் பயின்றுகொண்டிருந்தபோது நாடு இரண்டாயிற்று, பல்கலைக்கழகமும் இரண்டாயிற்று. பிறந்த ஊர் ஒரு கோட்டுக்கு அப்பால் போய்விட்டது. கோடு கிழிப்பது என்றால் என்னவென்று நம் பகுதியாருக்கு விளக்க வேண்டியதில்லை. 1956 நவம்பர் முதல் தேதி தோவாளை, அகஸ்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. மார்ஷல் நேசமணி முதலானோர் கேட்டிருந்தும் நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றுவிட்டது. ஆனால் இங்கே கோடு விழுந்த பின்னும் மீன்காரியும் பால்காரனும் அதைத் தாண்டிப் போய் வந்தார்கள். பஞ்சாபில் விழுந்த கோடு இரத்தத்தால் எழுதப்பட்டது. அந்தக் காலத்தில் அமர்ந்து பரீட்சை எழுதி, 1949-இல் முதுகலைப் பட்டம் பெற்று, பம்பாயில் ஹோமி பாபா நிறுவிய டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார் இளைஞர் யஷ்பால்.

அவர் எடுத்துக்கொண்ட துறை காஸ்மிக் கதிர்கள். விண்வெளியிலிருந்து இடைவிடாது பூமியின் மேல் பொழியும் நுண்துகள்கள் இவை. காற்று மண்டலம் இவற்றைச் சிதைத்துவிடுவதால் மேலே போய்த்தான் பிடிக்க வேண்டும். பெரிய பலூன்களில் ஒளிப்படத் தகடுகளைக் கட்டி வானில் ஏற்றி, இறங்கிய பின் அத்தகடுகளில் துகள்கள் விட்டுச் சென்ற தடங்களை நுண்பெருக்கியால் தேடுவது அக்காலத்து முறை. பாபாவின் கழகம் இதில் பெயர் பெற்றது. இடையில் அமெரிக்காவுக்குச் சென்று மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1958-இல் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பி, பம்பாயிலேயே பேராசிரியரானார். இந்தப் பகுதியை நான் விரைந்து கடக்கிறேன். காஸ்மிக் கதிர்களில் அவர் செய்தவை அத்துறையினருக்குத் தெரியும். அதோடு நின்றிருந்தால் நாம் அவரைப் பற்றிப் பேசியிருக்க மாட்டோம்.

திருப்பம் 1973-இல் வந்தது. அதன் விதை நம் மண்ணருகே விழுந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும். தும்பாவில் மீனவர் குப்பத்தை ராக்கெட் தளமாக்கிய விக்ரம் சாராபாயின் பெருங்கனவு ராக்கெட் அன்று; தொலைக்காட்சி. பள்ளிக்கூடம் எட்டாத கிராமங்களுக்கு வானத்திலிருந்து ஆசிரியரை அனுப்ப முடியும் என்று அவர் நம்பினார். 1969-இல் அமெரிக்க நாசாவுடன் அதற்கு ஓர் ஒப்பந்தமும் ஆயிற்று. 1971 டிசம்பர் 30-ஆம் தேதி கோவளத்தில், நெய்யாற்றின்கரையிலிருந்து பேருந்தில் ஒரு மணிப் பயணத் தொலைவில், அவர் ஐம்பத்திரண்டு வயதில் திடீரென மறைந்தார். கனவை நனவாக்க அகமதாபாத்தில் விண்வெளிப் பயன்பாட்டு மையம் அமைக்கப்பட்டபோது அதன் முதல் இயக்குநராக வந்தவர் யஷ்பால். தொலைக்காட்சி நிலையத்தை அதுவரை நடத்தியறியாத காஸ்மிக் கதிர்க்காரர்!

1975 ஆகஸ்ட் முதல் தேதி தொடங்கி 1976 ஜூலை 31 வரை நடந்த அந்தச் சோதனையைச் 'சைட்' என்பார்கள். நிலநடுக்கோட்டுக்கு மேலே 36,000 கிலோமீட்டர் உயரத்தில், ஆப்பிரிக்காவுக்கு நேரே நிறுத்தி வைத்த நாசாவின் துணைக்கோள் ஒன்று; ஆறு மாநிலங்களில் 2,400 கிராமங்கள். ஒவ்வொன்றிலும் கோழிக்கூட்டுக்குப் போடும் கம்பி வலையால் செய்த பத்தடி அகலக் குடை ஒன்று, வானத்தைப் பார்த்து. மின்சாரம் இல்லாத ஊரில் மின்கலம். பள்ளிக்கூடத்திலோ பஞ்சாயத்துக் கட்டடத்திலோ ஒரு பெட்டி. காலையில் பிள்ளைகளுக்கு, மாலையில் ஊராருக்கு. கொழும்பில் வாழ்ந்த விஞ்ஞானக் கதாசிரியர் ஆர்தர் கிளார்க், இத்தகைய துணைக்கோள்களை 1945-லேயே எழுதி வைத்தவராதலால், அவர் வீட்டிலும் நம் பொறியாளர்கள் ஒரு குடையை நிறுவித் தந்தார்கள். கோழிவலையில் வானத்தைப் பிடித்த வித்தையைப் பார்க்க உலகமே திரும்பியது.

ஆனால் யஷ்பால் கண்டுகொண்டது வேறு. கருவி செய்வது எளிது. அதன் வழியே என்ன சொல்வது? பட்டணத்தில் அமர்ந்து படம் எடுத்து, கிராமத்தானே, இதைக் கேள் என்று சொல்வதற்கா இத்தனை பாடு? எனவே பொறியாளரோடு சமூகவியலாரையும் கிராமங்களுக்கு அனுப்பினார்கள். அவர்கள் அங்கேயே மாதக் கணக்கில் தங்கி, மக்கள் எதைப் பார்க்கிறார்கள், எதில் எழுந்து போகிறார்கள் என்று எழுதி அனுப்பினார்கள். பிள்ளைகளுக்கான விஞ்ஞான நிகழ்ச்சிகள் சக்கரம், நிழல், தண்ணீர் என்று அவர்கள் கைக்கு எட்டும் பொருள்களிலிருந்து தொடங்கின. ஏறத்தாழ ஐம்பதாயிரம் தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் அந்தப் பெட்டியின் மூலமே விஞ்ஞானம் கற்பிக்கப் பயிற்சி பெற்றார்கள். ஆண்டு முடிந்ததும் நாசா துணைக்கோளை நகர்த்திக்கொண்டது. 2,400 பெட்டிகளிலும் அந்த ஒளி நின்றது. நமக்கென ஒரு துணைக்கோள் வழியாகத் தொலைக்காட்சி மீண்டும் பரவ 1983-இல் இன்சாட் வர வேண்டியிருந்தது.

இங்கே ஒரு குறையையும் சொல்லிவிடுகிறேன். அந்த ஆறு மாநிலங்களில் ஆந்திரமும் கர்நாடகமும் உண்டு. தமிழகமும் கேரளமும் இல்லை. பின்னர் தொலைக்காட்சியில் அவர் பேசியதும் இந்தியிலும் ஆங்கிலத்திலுமே. தாய்மொழியில் கேட்காத கேள்வி பாதிக் கேள்வி என்று கருதிய அவருடைய குரல் நம் வீட்டு மொழியில் நமக்குக் கிடைக்காமலே போயிற்று. அவர் மேல் பழியில்லை. அவரைப் போல் ஒருவரைத் தமிழில் திரைமுன் அமர்த்தத் தவறியது நம் சோம்பல்.

அதன் பிறகு பதவிகள் அவரைத் தேடி வந்தன. 1981-82-இல் வியன்னாவில் கூடிய ஐக்கிய நாடுகளின் விண்வெளி மாநாட்டுக்குப் பொதுச் செயலாளர். திட்டக் குழுவில் ஆலோசகர். விஞ்ஞான தொழில்நுட்பத் துறைச் செயலாளர். 1986 முதல் 1991 வரை பல்கலைக்கழக மானியக் குழுத் தலைவர். இந்த ஐந்தாண்டுகளில் அவர் செய்த ஒரு காரியம் நம்மைப் போன்ற ஆராய்ச்சி மாணவர்களுக்கு நேரடிப் பயன் தருவது. ஏழைப் பல்கலைக்கழகம் ஒவ்வொன்றும் விலையுயர்ந்த கருவிகளை வாங்க இயலாது. ஆகவே எல்லாப் பல்கலைக்கழகத்தாரும் வந்து பயன்படுத்தும் பொது மையங்களை எழுப்பினார். ஜயந்த் நார்லிகர் தலைமையில் புனேயில் தோன்றிய வானியல் மையம் அவற்றுள் ஒன்று. சிற்றூர்க் கல்லூரி ஆசிரியர் அங்கே போய்ப் பெரும் விஞ்ஞானியோடு ஒரே மேசையில் அமரலாம்.

பதவியிலிருந்து இறங்கிய பின்தான் நாடு அவரை முகம் பார்த்து அறிந்தது. 1990-களின் தொடக்கத்தில் தூரதர்ஷனில் 'டர்னிங் பாயிண்ட்' என்ற விஞ்ஞான நிகழ்ச்சி வந்தது. நாடகாசிரியர் கிரீஷ் கர்நாட் அதை நடத்தினார். அதில் நேயர்கள் கேட்ட கேள்விகளுக்கு யஷ்பால் விடை சொல்வார். பழைய ஒளிப்பதிவுகள் சிலவற்றை நான் பார்த்திருக்கிறேன். முதலில் எனக்கு ஏமாற்றம். மேசையில் கண்ணாடிக் குடுவை இல்லை, புகை இல்லை, வெடி இல்லை. ஒரு முதியவர் அமர்ந்து பேசுகிறார், அவ்வளவுதான். இரண்டாம் முறை பார்த்தபோதுதான் புரிந்தது. அவர் விடையை எடுத்து நீட்டுவதில்லை. கேள்வியைக் கையில் வாங்கி, திருப்பிப் பார்த்து, இதற்குள் இன்னொரு கேள்வி இருக்கிறதே என்று வியக்கிறார். கேட்டவர் ஒரு சிறுமியானாலும் அந்த வியப்பில் போலி இல்லை. தொலைக்காட்சி ஒருவழிப் பாதை. பேசுவோர் பேச, கேட்போர் கேட்க வேண்டியதுதான். அதைச் செவியாக மாற்றிக்கொண்டவர் அவர். பௌதிகப் பேராசிரியர் எத்தனையோ பேர் உண்டு. இது வேறு வித்தை.

தொலைக்காட்சியில் பிள்ளைகளிடம் கேட்டறிந்தவர் பள்ளிக்கூடத்தைச் சும்மா விடுவாரா? அவருக்கு முன்பே 1989-இல், சென்னையில் பிறந்த எழுத்தாளர் ஆர்.கே. நாராயண், பாராளுமன்ற மேலவையில் எழுந்து பிள்ளைகளின் புத்தகப் பையைப் பற்றிப் பேசியிருந்தார். அந்தப் பேச்சு கிளப்பிய கவலையின் தொடர்ச்சியாக 1992-இல் மத்திய அரசு ஒரு குழு அமைத்தது, தலைவர் யஷ்பால். 1993 ஜூலையில் அறிக்கை வந்தது. அது மிகச் சிறிய அறிக்கை. பையைத் தராசில் வைத்து நிறுப்பதோடு அது நிற்கவில்லை. முதுகிலுள்ள சுமையைவிடப் புரியாமையின் சுமையே பெரிது. புரியாததை மனப்பாடம் செய்து ஒப்பிக்கும் கொடுமையே பிள்ளையை நசுக்குகிறது என்று அது கண்டது. 2005-இல் தேசியப் பாடத்திட்ட வரைவை உருவாக்கிய குழுவுக்கும் அவரே தலைவர். பிள்ளை வீட்டிலும் வயலிலும் கண்டறிந்தது வகுப்பறைக்குள் வர வேண்டும். வீட்டு மொழியும் வர வேண்டும் என்றது அவ்வரைவு. நான் பள்ளியில் சேர்ந்தது அதற்குப் பிறகு. வீட்டில் தமிழ், தெருவில் மலையாளம், புத்தகத்தில் ஆங்கிலம். என் ஓட்டுத் துளை எந்த மொழியிலும் வகுப்புக்குள் நுழையவில்லை. அறிக்கை ஏட்டில் வெற்றி பெற்றது, வகுப்பறையில் பெறவில்லை. இதைச் சொல்வதால் அவர் பெருமை குறையாது.

மென்மையானவர்தாமே என்று எண்ணிவிட வேண்டா. 2002-இல் சத்தீஸ்கர் மாநிலம் ஒரு சட்டம் செய்து தனியார் பல்கலைக்கழகங்களுக்குக் கதவைத் திறந்துவிட்டது. சில காலத்துக்குள் நூற்றுக்கு மேற்பட்டவை முளைத்தன. பலவற்றுக்குக் கட்டடமும் இல்லை, வகுப்பும் இல்லை. பெயர்ப்பலகை மட்டும் உண்டு. எழுபத்தைந்து வயதைக் கடந்த யஷ்பால் உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தார். 2005 பிப்ரவரியில் அந்தச் சட்டப் பிரிவுகள் செல்லா என்று தீர்ப்பாயிற்று. அத்தனை பல்கலைக்கழகங்களும் ஒரே நாளில் பெயரிழந்தன. பட்டத்துக்கு அலையும் நம் வயதுப் பிள்ளைகளை ஏமாற்றிப் பிழைக்கும் தொழிலுக்கு விழுந்த பெரிய அடி அது. சோதிடத்தைப் பல்கலைக்கழகப் பாடமாக்க முயன்றபோதும் அவர் வாளாவிருக்கவில்லை. அது விஞ்ஞானமன்று என்று வெளிப்படையாக எதிர்த்தார்.

1976-இல் பத்ம பூஷண், 1980-இல் மார்க்கோனி பரிசு, விஞ்ஞானத்தை மக்களிடம் கொண்டு சென்றமைக்காக 2009-இல் யுனெஸ்கோவின் கலிங்கப் பரிசு, 2013-இல் பத்ம விபூஷண். இடையில் ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக வேந்தர் பதவி. 2017-ஆம் ஆண்டு ஜூலை 24-ஆம் தேதி டில்லியை அடுத்த நொய்டாவில், தொண்ணூறாம் வயதில் மறைந்தார். நான் அப்போது உயர்நிலைப் பள்ளி மாணவன். அவர் பெயரை அன்று யாரும் எங்களிடம் சொல்லவில்லை. பாரதி நினைவு நாளுக்கும் காந்தி ஜயந்திக்கும் மேடை போடும் நாம் அவருக்கு ஒரு கூட்டம் நடத்தியதாகவும் நினைவில்லை.

சென்ற விடுமுறையில் ஆச்சிக்கு இவர் கதையைச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, நிலவு நடுவில் வந்து மறைக்கிறதென்றால் மாதந்தோறும் அமாவாசையில் கிரகணம் வர வேண்டுமே, ஏன் வருவதில்லை என்று ஒரு கேள்வி போட்டாள். எண்பது வயதில் கேட்கிறாள்! இத்தனை காலம் அது எங்கே ஒளிந்திருந்ததோ? இரண்டு தட்டுகளை எடுத்து, நிலவின் பாதை பூமியின் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்திருப்பதைக் காட்டினேன். முழுதும் ஒப்புக்கொண்டாளா என்று தெரியவில்லை. தட்டுகளைக் கழுவி வைக்கச் சொன்னாள்.

2031-ஆம் ஆண்டு மே 21-ஆம் தேதி கொச்சி, மதுரை வழியாக மற்றொரு வளையக் கிரகணம் போகிறது. இஞ்சிவிளையில் முழு வளையம் விழாது. மெல்லிய பிறைதான் விழும். வீட்டுக்காரர் கூரையைப் பிரித்துக் கான்கிரீட் போடப் போவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அதுவரை பொறுக்கும்படி கேட்டிருக்கிறேன்.